வட்டம் குலையாதிருக்க

சென்ற மார்கழியில் என் பேர்த்தியின் பிறந்தநாளுக்கு ஒரு 'ஹுலா ஹூப்' பரிசாக வந்தது. பெட்டியைத் திறந்தால் வளையம் இல்லை. நுரைப்பஞ்சு சுற்றிய, வளைந்த எட்டுத் துண்டுகளே இருந்தன. எட்டு வயதுப் பிள்ளையின் முகம் சுருங்கியது.

"அம்மம்மா, இது உடைஞ்சு போச்சு."

"உடையேல்லைக் குஞ்சு, நாங்கள்தான் பூட்டவேணும்" என்று கூறி, எங்கள் ரொறன்ரோ தொடர்மாடி வீட்டின் வரவேற்பறையில் இருவரும் நிலத்தில் அமர்ந்தோம்.

ஒவ்வொரு துண்டின் நுனியிலும் ஒரு சிறு பொத்தான் உண்டு. அதை அழுத்திக்கொண்டு அடுத்த துண்டினுள் செருகினால், பொத்தான் மறுபக்கத் துளையினூடாக 'டிக்' என்று வெளியே எழும். அவசரத்தில் ஒரு பொத்தான் முழுமையாக எழாததை நாம் கவனிக்கவில்லை. முதற் சுழற்சியிலேயே அத்துண்டு கழன்று பறந்து மேசைவிளக்கைச் சாய்த்தது. மறுகணம் கீழ்வீட்டார் தட்டும் ஓசை கேட்டது. அன்று முதல், பொத்தான்கள் யாவற்றையும் விரலால் தடவிப் பார்த்த பின்பே வளையம் சுழலவேண்டும் என்பது எமது வீட்டுச் சட்டமாயிற்று.

அளவும் முக்கியமானது. வளையத்தை நிலத்தில் நிமிர்த்தி நிறுத்தினால், அதன் மேல்விளிம்பு தொப்புளுக்கும் நெஞ்சுக்கும் இடையில் நிற்கவேண்டும். ஆகவே ஒரு துண்டைக் கழற்றி, ஏழு துண்டுகளாகப் பூட்டினோம். மிகச் சிறிய வளையம் விரைவாகச் சுழன்று விரைவாகவே விழும். பெரியது ஆறுதலாகச் சுழல்வதால் பழகுவோருக்கு எளிது. இடுப்பை வட்டமாக ஆட்டத் தேவையில்லை. ஒரு காலைச் சற்று முன்வைத்து, முன்னும் பின்னுமாகத் தள்ளினாற் போதும்.

இவையெல்லாம் எனக்குப் புதியன அல்ல. அவுஸ்திரேலியாவில் மூங்கில் வளையங்களைச் சுழற்றி விளையாடும் செய்தியை அறிந்தே, 1958இல் கலிபோர்ணியாவின் 'வம்-ஓ' நிறுவனம் இதனைப் பிளாஸ்ரிக்கில் செய்து விற்றது. எமக்கோ இது பாடசாலை விளையாட்டுப் போட்டியின் உடற்பயிற்சிக் கண்காட்சிக்கு உரிய வளையம். 1995இன் தொடக்கத்தில், போர் ஓய்ந்திருந்த அந்தச் சில மாதங்களில், யாழ்ப்பாணத்தில் நான் கற்பித்த பாடசாலைக்கு நாற்பது வளையங்கள் தேவைப்பட்டன. பொருளாதாரத் தடையினால் கடைகளில் எதுவும் இல்லை. தோட்டக்காரர்கள் கழித்த பழைய நீர்க்குழாய்களைச் சேகரித்தோம். நுனிகளை வெந்நீரில் இளக்கி, செதுக்கிய பூவரசங்குச்சியை உள்ளே செருகி இணைத்தோம். நிறத்தாளுக்குப் பதிலாகத் தாய்மார் தந்த பழஞ்சேலைக் கிழிசல்களைச் சுற்றினோம்.

அவ்வாண்டு ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமமே இடம்பெயர்ந்தது. 1996 சித்திரையில் திரும்பியபோது களஞ்சிய அறைக்குக் கதவு இல்லை. ஆணியில் தொங்கவிட்டிருந்த வளையங்கள் வெக்கையில் தொய்ந்து முட்டைவடிவம் கொண்டிருந்தன. நிலத்தில் படுக்கையாக அடுக்கியவை மட்டும் வட்டம் குலையாதிருந்தன. அவற்றைச் சுழற்றிய பிள்ளைகளிற் பலர் பின்பு வகுப்புக்குத் திரும்பவில்லை.

ஆகவே எங்கள் வீட்டு வளையம் கட்டிலின் கீழே படுக்கையாகவே கிடக்கின்றது. பனிக்காலத்தில் அதைப் பல்கனியில் விடுவதில்லை. கடுங்குளிரில் பிளாஸ்ரிக் நொய்ந்து வெடிக்கக்கூடும். கோடையில் வெயிலிலும் மூடிய காரினுள்ளும் விடலாகாது. அழுக்கானால் ஈரத்துணியால் துடைத்தாற் போதும். நுரைப்பஞ்சைத் தண்ணீரில் ஊறவைக்கக் கூடாது.

பேர்த்திக்குத் தமிழில் பத்துவரையே எண்ணத் தெரிந்திருந்தது. தமிழில் எண்ணும் சுற்றுகளே கணக்கில் வரும் என்று நான் ஒரு நிபந்தனை வைத்தேன். மாசியில் இருபதை எட்டினாள். சென்ற வாரம், கீழ்வீட்டார் வெளியே சென்றிருந்த மாலையில், மூச்சிரைக்க "முப்பத்தொன்பது, நாற்பது" என்று கூவினாள்.

"ஏன் அம்மம்மா அழுறீங்கள்?" என்று கேட்டாள்.

அவளைப் பக்கத்தில் இருத்தி, அந்த நாற்பது வளையங்களின் கதையைத் தமிழிலேயே சொன்னேன். முழுவதும் கேட்டாள். பின்னர், சொல்லாமலே எழுந்து சென்று, தன் வளையத்தைக் கட்டிலின் கீழே படுக்கையாக வைத்துவிட்டு வந்தாள்.