ஜெட்டி, ஃபில்டர், காணாமல் போன ஐந்நூறு ரூபாய்

பி.காம் படிக்கிறவனுக்கு ஜாவா எதற்கு என்று கேட்பீர்கள். பெரியப்பாவின் மளிகைக் கடைக்குப் பற்று வரவு எழுத ஒரு சின்ன புரோகிராம் செய்து கொடுத்தேன், அதனால் வந்த வினை. ஜெட்டியை (சிரிக்காதீர்கள், வெப் சர்வரின் பெயரே அதுதான்) நம் புரோகிராமுக்குள்ளேயே வைத்து ஓட்டலாம். சர்வர் என்று தனியாக எதையும் நிறுவ வேண்டாம். லாகின் செய்யாதவர்களைத் தடுக்க ஒரு ஃபில்டர் எழுதியிருந்தேன். வருகிற ஒவ்வொரு ரிக்வெஸ்டும் அதைத் தாண்டித்தான் சர்வ்லெட்டுக்குப் போகும்.

ஒரு மாதம் ஒழுங்காக ஓடியது. பிறகு ஒரு நாள் கல்லாவில் 500 ரூபாய் குறைந்தது. மறுவாரம் 300. கணக்கில் வரவு இருக்கிறது, கையில் பணம் இல்லை. பெரியப்பா வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கடையில் வேலை பார்க்கும் அண்ணனை அவர் பார்க்கும் பார்வை மாறிவிட்டது. எனக்கு வயிற்றைக் கலக்கியது.

பதிவுகளைத் தோண்டிப் பார்த்தேன். அதே வாடிக்கையாளர், அதே தொகை, இரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை. பெரியம்மாவைக் கேட்டால், "எழுதி அமுக்கினேன்டா, திரும்ப பாஸ்வேர்டு கேட்டுச்சு. போட்டுட்டு மறுபடி எழுதினேன்" என்றார். பதினைந்து நிமிடம் சும்மா இருந்தால் செஷன் முடியும்படி வைத்தது நான்தான். சரி, செஷன் முடிந்தபின் அனுப்பிய அந்த முதல் வரவு எப்படி உள்ளே போனது?

முதலில் மேப்பிங் மேல் சந்தேகம். '/வரவு' என்று மட்டும் கொடுத்தால் அந்த ஒரு முகவரிக்குத்தான் ஃபில்டர் ஓடும். அதற்குக் கீழே உள்ளவற்றுக்கும் ஓட '/வரவு/*' வேண்டும். அதைச் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். பிறகு ஃபில்டரின் முதல் வரியில் ஒரு லாக், சர்வ்லெட்டின் முதல் வரியில் ஒரு லாக் போட்டு, செஷனை முடியவிட்டு ஒரு வரவை அனுப்பினேன். திரையில் சமர்த்தாக லாகின் பக்கம். லாகில் இரண்டு வரிகளும் இருந்தன!

சென்ட்ரீடைரக்ட் எழுதினால் கதை அத்தோடு முடிந்தது என்று நினைத்திருந்தேன். அது பிரவுசருக்கு "லாகின் பக்கத்துக்குப் போ" என்று பதில் சொல்வதோடு சரி, ஜாவா பாட்டுக்கு அடுத்த வரிக்குப் போய்விடும். அடுத்த வரியில் இருந்தது செயின்.டூஃபில்டர், அதாவது "உள்ளே விடு". இரண்டுக்கும் நடுவில் ஒரு ரிட்டர்ன் போட்டேன். ஒரே ஒரு வார்த்தை.

(அவசரத்தில் முதலில் செயின்.டூஃபில்டரையே அழித்துத் தொலைத்தேன். லாகின் செய்தவர்களுக்கும் வெற்றுப் பக்கம்தான் வந்தது.)

இரட்டைப் பதிவுகள் மொத்தம் நான்கு. பெரியப்பாவிடம் பட்டியலைக் காட்டினேன். பேசாமல் வாங்கிப் பார்த்துவிட்டு, பேனாவை எடுத்து ஒவ்வொன்றாக அடித்தார். அண்ணனிடம் நானே போய்ச் சொன்னேன்.

"எனக்குத் தெரியும் தம்பி, நான் எடுக்கலையே" என்று சொல்லிவிட்டு, அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.