பெயரா, நிமிடமா?

கையில் பத்துக் கோடி பவுண்டு. அதற்குள் 15 ஆட்டக்காரர்களை வாங்கிவிட வேண்டும். கோல் காவலர் 2, தற்காப்புக்கு 5, மத்தியத் திடலுக்கு 5, தாக்குதலுக்கு 3. ஒரே கிளப்பிலிருந்து மூவருக்கு மேல் எடுக்க முடியாது. பணம் கற்பனைப் பணம்தான். ஆனால் சனிக்கிழமை மாலை ஆறு மணி நெருங்கும்போது சுங்கைப்பட்டாணியிலும் பாடாங் செராயிலும் சாப்பாட்டுக் கடை மேசைகளில் அதைப் பற்றி நடக்கும் விவாதத்தில் கற்பனை கொஞ்சமும் இல்லை. கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் இரவு ஷிப்ட் ஏறப் போகிறவர், தே தாரிக் ஆறுவதைக்கூடக் கவனிக்காமல், கைப்பேசியில் ஒரு பெயரை எடுப்பதும் மறுபடி வைப்பதுமாக இருப்பார்.

ஃபேன்டசி பிரிமியர் லீக் என்ற இந்த விளையாட்டு கெடாவில் இவ்வளவு வேர்விட்டதற்குக் காரணம் உண்டு. ஊர் அணி கொடிகட்டிப் பறந்த காலத்தை இங்கே நாற்பது வயதுக்காரர்கள் நேரில் பார்த்தவர்கள். அஸ்ராய் கோர் பயிற்சியில் 2006-07, 2007-08 என அடுத்தடுத்த இரண்டு பருவங்களிலும் கெடா சூப்பர் லீக், எஃப்ஏ கிண்ணம், மலேசியக் கிண்ணம் மூன்றையும் அள்ளிக்கொண்டு வந்தது. 2025-26 சூப்பர் லீக்கிலோ கெடாவே இல்லை, உரிமம் கிடைக்கவில்லை. அலோர்ஸ்டார் டாருல் அமான் அரங்கத்துக்குப் போய்க் கத்தித் தீர்க்க வேண்டிய ஆசையெல்லாம் லிவர்பூலுக்கும் ஆர்சனலுக்கும் போய்ச் சேர்கிறது. இது வருத்தமான சங்கதிதான்.

இந்த வகை ஆட்டத்துக்கு மூலம் காற்பந்து அல்ல, பேஸ்பால். 1980இல் டேனியல் ஓக்ரென்ட் என்ற அமெரிக்க எழுத்தாளரும் நண்பர்களும் நியூயார்க்கில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் கூடி, நிஜ ஆட்டக்காரர்களின் கணக்கை வைத்து ஆடும் முறையை உருவாக்கினார்கள். இன்று அங்கே அது தினசரி வியாபாரம். டிராஃப்ட்கிங்ஸ் போன்ற நிறுவனங்களில் 50,000 டாலர் கற்பனைச் சம்பளத்துக்குள் அன்றைய ஆட்டங்களுக்கு 10 பேரைப் பொறுக்க வேண்டும். நுழைவுக் கட்டணமோ நிஜப் பணம். கெடாவில் பேஸ்பால் மட்டையைத் தொட்டவர்கள் அபூர்வம். என்றாலும் ஆள் பொறுக்கும் சூத்திரம் இரண்டுக்கும் ஒன்றே. பணத்துக்கு வரம்பு இருப்பதால் எல்லா நட்சத்திரங்களையும் வாங்க முடியாது. எங்கோ ஓரிடத்தில் மலிவான ஆளை நம்பித்தான் ஆக வேண்டும்.

அந்த மலிவான ஆள் யார் என்பதில்தான் பொறுக்குபவரின் திறமை தெரியும். கோல் பால்மரை எடுத்துக்கொள்வோம். 2023இல் அவர் விலை வெறும் 50 இலட்சம். மான்செஸ்டர் சிட்டியில் பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர், செப்டம்பர் தொடக்கத்தில் செல்சிக்கு மாறினார். அங்கே முதல் பதினொருவரில் இடம் கிடைத்தது. பெனால்டி அடிக்கும் பொறுப்பும் வந்தது. அந்தப் பருவ லீக்கில் 22 கோல், அதில் 9 பெனால்டி. ஃபேன்டசிக் கணக்கில் 244 புள்ளி. அவர் ஒரே இரவில் புது ஆட்டக்காரராகிவிடவில்லை. திடலில் நிற்கும் நிமிடங்கள் கூடின, அவ்வளவே. அதை முதல் சில வாரங்களிலேயே கவனித்தவர்கள் மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டார்கள்.

முகமது சாலா இதன் மறுபக்கம். 2024-25இல் 29 கோல், 18 கோல் உதவி, 344 புள்ளி. இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே ஒரு பருவத்தில் எவரும் எடுக்காத எண்ணிக்கை. அடுத்த பருவத்தில் அவர் விலை ஒரு கோடியே 45 இலட்சத்துக்கு ஏறியது. ஆனால் 2025 கடைசியில் லிவர்பூல் அவரைத் தொடர்ந்து மூன்று லீக் ஆட்டங்களுக்குத் தொடக்க அணியில் வைக்கவில்லை. பெயரைப் பார்த்து அவருக்கு கேப்டன் பட்டை கட்டியவர்களுக்கு அந்த வாரங்களில் கிடைத்தது மிகச் சொற்பம்.

பெயரைவிட நிமிடமே முக்கியம் என்பதை ரப்பர் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்வெட்டு விடியலுக்கு முன்னே தொடங்கும்; வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதனால் மதியத்துக்குள் வேலை முடிந்து, மாலையில் தோட்டத்துத் திடல் நிறையும். பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால் யார் கெட்டிக்காரன் என்பதற்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகள் வேறு: அவனுக்கு அன்றைக்கு ஸ்டோரில் வேலை இருக்கிறதா, போன வாரம் பட்ட அடி ஆறிவிட்டதா, முழு ஆட்டமும் ஓடுவானா? செம்பனை வந்து, நிலங்கள் வீடமைப்புக்குப் போய், குடும்பங்கள் டவுனுக்கு வந்த பிறகும் அந்தக் கண் போகவில்லை. இன்றைக்கும் கடை மேசையில் இளைஞர் ஒருவர், "அண்ணே, சாலாவ வச்சிக்கவா, எடுத்துடவா?" என்று கேட்டால் பதில் கேள்வியாகத்தான் வரும்: "பேரு இருக்கட்டும்பா. தொண்ணூறு நிமிஷமும் எறக்குவாங்களா, அதச் சொல்லு."

பொறுக்குவதைவிடக் கடினமான வேலை, பொறுக்கியவரை வைத்துக்கொள்வது. வாரத்துக்கு ஒரு மாற்றம் இலவசம். அதற்கு மேல் மாற்றும் ஒவ்வொரு ஆளுக்கும் 4 புள்ளி வெட்டு. ஒரு வாரம் சறுக்கியதும் நாலைந்து பேரைத் தூக்கி எறிகிறவர் அடுத்த வாரத்தைக் கடனோடுதான் தொடங்குகிறார். இதில் மலேசியத் தமிழர்களுக்கு வெளியே முன்னுதாரணம் தேட வேண்டிய தேவையில்லை. தென்கிழக்காசிய நாடுகளுக்கான 2010 சுசுகி கிண்ணப் போட்டிக்கு தேசியப் பயிற்சியாளர் கே. ராஜகோபால் இளைஞர்களை நம்பி அணி கட்டினார்; அவர்களில் பலர் முந்தின ஆண்டு அவர் பயிற்சியில் லாவோஸ் சீ விளையாட்டில் தங்கம் வென்றவர்கள். முதல் ஆட்டத்திலேயே இந்தோனேசியாவிடம் 1-5 என்று உதை. நாடே திட்டியது. அவர் இளைஞர்களைக் கைவிடவில்லை. அதே இந்தோனேசியாவை இறுதிச் சுற்றில், புக்கிட் ஜாலிலில் 3-0 என்று வீழ்த்தி, ஜகார்த்தாவில் 1-2 என்று தோற்றும், மொத்தத்தில் 4-2 கணக்கில் மலேசியா முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. ஒரு மோசமான ஆட்டத்தை வைத்து ஆளை எடைபோடக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

பணம் உள்ளே வந்துவிட்டால் இந்தப் பொறுமைதான் முதலில் பறிபோகும். இந்தியாவில் கிரிக்கெட்டை வைத்து டிரீம்11 பெரிதாக வளர்ந்தது. அங்கே 11 பேர், துணை கேப்டனுக்கு ஒன்றரை மடங்குப் புள்ளி; வரம்புக்குட்பட்ட மதிப்பும் கேப்டனுக்கு இரட்டைப் புள்ளியும் இங்கே போலத்தான். பெரிய வித்தியாசம் நுழைவுக் கட்டணத்தில் இருந்தது. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றியதும் டிரீம்11 கட்டணப் போட்டிகளை நிறுத்தியது. பிரிமியர் லீக்கின் ஆட்டத்தில் சேர ஒரு சென்கூடத் தேவையில்லை. அதனால்தான் அப்பாவும் மகனும் ஒரே குழுவில் ஆடலாம். தோற்றவர் ரொட்டிச் சானாய்க்குக் காசு கொடுத்தால் கணக்குத் தீர்ந்தது. தலைக்கு இவ்வளவு என்று பணம் வசூலிக்கும் புலனக் குழு எதிலாவது பிள்ளைகள் இருந்தால் இன்றே வெளியேறச் சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்கள் நேரத்தையும் தெரிந்துகொள்ள வேண்டும். வாரத்தின் முதல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு கதவு மூடிவிடும். சனிக்கிழமை நண்பகல் ஆட்டம்தான் முதல் ஆட்டம் என்றால் நமக்கு மாலை 6 மணி. அக்டோபர் கடைசி ஞாயிறன்று இங்கிலாந்தில் கடிகாரத்தைத் திருப்பிவைத்த பிறகு 7 மணி. வெள்ளி இரவே ஆட்டம் இருந்தால் நம்மூரில் அது சனிக்கிழமை அதிகாலை ஆகிவிடும். அந்த வாரம் படுக்கப் போகும் முன்பே அணியைச் சரிபார்த்துவிடுங்கள்.