பிடி அரிசி

20.12.2023, புதன்

இந்த நோட்டு வரவு செலவு எழுத வாங்கியது. வீட்டை விட்டு வரும்போது பரணிலிருந்து எடுத்து வந்தேன், நனையவில்லை. இன்று எழுத வரவும் இல்லை, செலவும் இல்லை. கரண்ட் இல்லை, போன் இல்லை. நாங்கள் உயிரோடு இருப்பது சென்னையில் இருக்கும் மகனுக்குத் தெரியுமா என்பதும் தெரியவில்லை. எழுதி வைக்காவிட்டால் நாளும் கிழமையும்கூடக் கைவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போதே மழைதான். அட்வெந்து மூன்றாம் ஞாயிறு. பகல் முழுக்க விடவில்லை. ராத்திரி எந்நேரம் என்று தெரியாது, கோயில் மணி அடித்தது, நிறுத்தாமல் அடித்தது. குளம் உடைந்துவிட்டது. அத்தையை நானும் பக்கத்து வீட்டுப் பையனும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போனோம். இடுப்பளவு தண்ணீர். கோயில் மேட்டில் இருக்கிறது. அம்மன் கோயில் தெருக்காரர்களும் எங்களோடு இங்கேதான் இருக்கிறார்கள். பீடத்துப் படிகளில் பிள்ளைகள் தூங்குகின்றன.

21.12.2023, வியாழன்

இன்றும் ஹெலிகாப்டர் சத்தம். எங்கள் பக்கம் வரவில்லை.

22.12.2023, வெள்ளி

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். சுவர் நிற்கிறது. உள்ளே முழங்கால் உயரத்துக்குச் சேறு. ஆடு இரண்டும் இல்லை, கோழிகள் இல்லை. கிணறு வாய்வரை சேறு. புடலைப் பந்தலும் பீர்க்கம் பந்தலும் எந்தப் பக்கம் போயின என்று தடயமே இல்லை. முருங்கை வேரோடு சாய்ந்து கிடக்கிறது. கோழிக்கூடு வாழையும் ஏத்தன் வாழையும் நிற்கின்றன, ஆனால் அடியில் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. இன்னும் நாலைந்து நாள் வடியாவிட்டால் கிழங்கு அழுகிவிடும்.

இதெல்லாம் திரும்ப வரும். எனக்கு உட்கார்ந்து அழ வேண்டும் என்று வந்தது விதைகளைப் பார்த்தபோதுதான். அடுப்படிச் சுவரில் வறட்டியோடு அப்பி வைத்திருந்த பூசணி, பீர்க்கு விதைகள் வறட்டியோடு கரைந்து சேற்றில் விழுந்திருந்தன. சுரைக்குடுக்கையில் சாம்பல் கலந்து வைத்திருந்த கத்தரி விதை, தகர டின்னில் வேப்பிலை போட்டு வைத்திருந்த சீனி அவரை, புள்ளி அவரை, மிளகாய், எல்லாவற்றிலும் தண்ணீர். பூசணி விதைகள் ஊறி, வெள்ளையாக முளை விட்டுக் கிடந்தன. எடுத்து நடலாம் என்றால் எங்கே நட? ஊர் முழுக்கத் தண்ணீர். கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டுக் கீழே போட்டேன்.

அந்தக் கத்தரி வெள்ளைக் கத்தரி. அத்தை கல்யாணமாகி வரும்போது அவர்கள் அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்த விதை. வருஷா வருஷம் முதல் காயைப் பறிக்க விடமாட்டார். பழுத்து மஞ்சளாகும்வரை செடியிலேயே விட்டு, பிசைந்து, அலசி, சாம்பலில் புரட்டி நிழலில் காயவைப்பார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் பார்த்துவரும் வேலை. கோயிலுக்குத் திரும்பி வந்ததும் அத்தை முதலில் கேட்டது அதைத்தான். “இல்லை அத்தை” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார். ஜெபமாலை உருட்டுகிற வழக்கம் எங்கள் சபையில் கிடையாது. ஆனால் அவர் விரல்கள் இன்றைக்கு முழுக்கச் சேலை முந்தியை உருட்டிக்கொண்டே இருந்தன.

24.12.2023, ஞாயிறு

மகன் பேசிவிட்டான். ஸ்தோத்திரம்.

வெளியூர்ச் செய்தி எல்லாம் இன்றுதான் தெரிந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. ஏரல் பாலத்தின் இணைப்புச் சாலையைத் தாமிரபரணி கொண்டுபோய்விட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட்டது. சுமார் 800 பேர். பக்கத்து ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைக் கொண்டுவந்து பொங்கிப் போட்டார்களாம். அவர்கள் ஊரிலும் வெள்ளம்தானே.

25.12.2023, திங்கள்

புதுத் துணி யாருக்கும் இல்லை. பாடினோம்.

27.12.2023, புதன்

கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து வேனில் வந்தவர்கள் வீட்டுக்கு ஒரு பை கொடுத்தார்கள். அரிசி, பருப்பு, பிஸ்கட், ஒரு போர்வை. வீட்டைக் கழுவி அடுப்புப் பற்றவைத்த முதல் நாள் இது. அரிசியைக் களைய எடுத்தேன். அத்தை உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டி, ஒரு பிடி அள்ளி, டம்ளரில் போட்டு ஓரமாக வைத்தார். பிடி அரிசிக் கலயம் வெள்ளத்தில் போய்விட்டது, அதனால் டம்ளர்.

எனக்குச் சுருக்கென்றது. உலை வைக்கும்போதெல்லாம் கோயிலுக்கு ஒரு பிடி எடுத்து வைப்பது இந்த வீட்டில் அத்தையின் மாமியார் காலத்து வழக்கம். மாதம் ஒருமுறை பெண்கள் சங்கத்தார் வந்து வாங்கிப் போவார்கள். அதை விற்ற காசு ஊழியத்துக்குப் போகும். வறட்சியான வருஷங்களில்கூட நாங்கள் நிறுத்தியதில்லை. ஆனால் இது நம் அரிசியா? யாரோ தங்கள் பிள்ளைகளுக்கு வைத்திருந்ததில் அள்ளி, நாம் பசியாற வேண்டும் என்று அனுப்பியது. அதிலிருந்து எடுத்து நான் கொடுத்தேன் என்று கர்த்தர் முன்னால் வைப்பதா?

“அத்தை, இது அடுத்தவங்க குடுத்தது. இதுல எப்படி எடுத்து வைக்கது?”

“பொறவு?”

“நமக்குன்னு விளைஞ்ச பிறகு வைப்போம். கர்த்தர் கோவிக்க மாட்டாரு.”

அத்தை கொஞ்ச நேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “நமக்குன்னு விளைஞ்சது எதுட்டி? குளத்துத் தண்ணியும் அவரு விட்டதுதான். இந்த மழையும் அவரு விட்டதுதான்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை அத்தை சொல்லாமல் இருந்திருக்கலாம். குளத்துத் தண்ணீரைக் கர்த்தர் விட்டார் என்பதை நான் வாழ்நாள் முழுக்க நம்பியிருக்கிறேன். இந்த மழையும் அவர் விட்டது என்றால், ஏரல் பக்கம் வாழை போட்டுக் கடனில் நிற்கிறவர்களிடம் போய் அதை யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். டம்ளர் அங்கேயே இருக்கிறது. அதைத் தொடாமல் அதைச் சுற்றிப் பெருக்கினேன்.

2.1.2024, செவ்வாய்

வருஷ முடிவு ஆராதனைக்கு அத்தை மட்டும் போனார். எனக்கு உடம்பு சரியில்லை. மனசும்தான். ரேஷன் கடையில் 6,000 ரூபாய் நிவாரணம் கிடைத்தது. வரவில் எழுதிவிட்டேன்.

14.1.2024, ஞாயிறு

மேட்டு விளையில் பனங்கொட்டை புதைத்திருந்த பாத்தி தப்பியிருக்கிறது! செம்மண் தேரி, எவ்வளவு பெய்தாலும் குடித்துவிடும். மேல்மண் மட்டும் அரித்திருந்தது. தோண்டத் தோண்டக் கிழங்கு. கட்டுக் கட்டிக் குரும்பூருக்குக் கொடுத்தனுப்பினோம். பொங்கல் என்பதால் நல்ல விலை. நோட்டில் வரவுப் பக்கத்தில் முதல்முறையாக நம் மண்ணிலிருந்து வந்தது ஒன்றை எழுதியிருக்கிறேன். ராத்திரி அவித்துத் தோலுரித்து, நார் உரித்து, ஒன்றுக்கு இரண்டாகத் தின்றோம். அத்தை பழைய கீர்த்தனைகளை வரிசையாகப் பாடினார். எனக்கும் பாட வந்தது.

27.1.2024, சனி

மெஞ்ஞானபுரத்துப் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் வந்தார். எனக்கு முகம் மட்டும் ஞாபகம். முன்பு ஒரு கன்வென்ஷனில் அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர். ஓலைப்பெட்டியில் சின்னச் சின்னத் துணி முடிச்சுகள். சீனி அவரை, புள்ளி அவரை, பூசணி, தண்டங்கீரை.

“மதினி, இதெல்லாம் நீங்க குடுத்த விதைதான். வருசா வருசம் போட்டுக்கிட்டு வாரேன்.”

அத்தைக்குக் கொடுத்த ஞாபகமே இல்லை. எனக்கு இருக்கிறது. கேட்டவர்களுக்கெல்லாம் டின்னைக் கவிழ்ப்பது அன்று எனக்குப் பிடிக்கவில்லை.

முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து முகர்ந்து பார்த்த அத்தை, “வெள்ளைக் கத்தரி?” என்றார். அது ஒரு வருஷம் பூச்சி விழுந்து போயிற்றாம். அதோடு விட்டுவிட்டாராம். தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன் என்றார்.

4.2.2024, ஞாயிறு

ஒருவரிடம் இருக்கலாம் என்று அந்த அம்மாள் சொல்லியனுப்பியதால் மெஞ்ஞானபுரம் போனேன். அங்கே கிடைத்தது வரிக் கத்தரிதான். வாங்கிக்கொண்டேன்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் பரிசுத்த பவுல் ஆலயத்துக்குள் போய் உட்கார்ந்தேன். 192 அடிக் கோபுரம். சின்ன வயதில் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலித்திருக்கிறது. இதற்கு முன்னால் இருந்த கோயில் 1845 புயலில் விழுந்தது. ஜான் தாமஸ் ஐயர் கட்டிய இந்தக் கோயில் கோபுரத்தோடு முடிந்தது வெகுகாலம் கழித்து. நடுவில் இருபது வருஷத்துக்கு மேல். புயலில் வீடும் பனையும் போன ஜனங்கள்தானே அன்றும் இந்த ஊரில் இருந்திருப்பார்கள். அவர்கள் என்ன கொண்டுவந்து கொடுத்திருப்பார்கள், கொடுத்தவர்களில் எத்தனை பேர் கோபுரம் முடிந்ததைப் பார்த்திருப்பார்கள்? பஸ் வந்துவிட்டது.

14.2.2024, புதன்

லெந்து தொடக்கம். இந்த வருஷம் எதை ஒறுக்கப் போகிறோம் என்று அத்தை கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

25.2.2024, ஞாயிறு

மகன் மறுபடியும் போன். இருவரும் சென்னைக்கு வந்துவிடுங்கள், விளையைக் குத்தகைக்கு விடலாம் என்கிறான். அவன் வீட்டிலும் டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயலுக்குத் தண்ணீர் புகுந்தது. இரண்டாம் மாடிக்கு மாறிவிட்டான். பாசமாகத்தான் கூப்பிடுகிறான். அத்தை போனை வாங்கி, “அங்க எங்கய்யா செடி வைக்க?” என்று கேட்டார். தொட்டியில் வைக்கலாம் என்றான். “சரிய்யா” என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

எனக்கு வேறு கவலை. கிணற்றைத் தூர் வார வேண்டும். தோட்டத்தில் ஒரு அடிக்கு மணல் படிந்திருக்கிறது. அடியில் பழைய மண் இருக்கிறது, ஆனால் வெட்டிப் புரட்ட ஆள் கூலி இருக்கிறது. கிடை போட்டால் மண் ஆறும். ஆட்டுக்காரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அதுவரை வீட்டை ஒட்டிய பாத்தியில் மட்டும் கீரையும் அவரையும். சாய்ந்த முருங்கையின் கிளைகளை வெட்டிப் போத்து நட்டோம். வெட்டுவாயில் சாணி உருண்டை வைப்பது அத்தையின் வேலை, அதை வேறு யாரும் செய்யக் கூடாது.

24.3.2024, குருத்தோலை ஞாயிறு

பவனியில் நடந்தேன்.

6.4.2024, சனி

சங்கத்துச் செயலாளருக்குக் காய்ச்சல். இந்த மாதம் பிடி அரிசி வாங்க நீ போ என்று என்னை அனுப்பிவிட்டார்கள். பை, படி, பெயர் எழுதிய நோட்டு. வெள்ளத்துக்குப் பிறகு இதற்காக வீடு வீடாகப் போவது இதுதான் முதல் தடவை. கதவைத் தட்டவே கூச்சமாக இருந்தது. சில வீடுகளில் அரைப்படி, சில வீடுகளில் காலி டப்பாவைக் காட்டி அடுத்த மாதம் என்றார்கள். நான் எதுவும் சொல்லவில்லை, எழுதவும் இல்லை.

வாய்க்கால் ஓரத்தில் இன்னும் தார்ப்பாய்க்குக் கீழே இருக்கிற வீட்டைத் தாண்டி வந்துவிட்டேன். சுவர் விழுந்து, கணவனும் படுக்கையில் இருக்கும்போது அந்தப் பெண்ணிடம் போய் எப்படி நிற்பது?

விளக்கு வைக்கிற நேரத்தில் அவளே வந்தாள். கையில் தூக்குச்சட்டி.

“யக்கா, எல்லா வீட்டுக்கும் போனீங்களாமே. எங்க வீட்டைத் தாண்டித்தான போனீங்க?”

“இல்லம்மா, நீ இருக்க நிலைமையில…”

“எந்த நிலைமையில? நாங்க சபையில இல்லையா?”

தூக்கைக் கவிழ்த்தாள். இரண்டு பிடி இருக்கும், ரேஷன் அரிசி. நோட்டில் அவள் பெயருக்கு நேரே எழுதும்வரை நின்றாள். அத்தை அவளைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நான் காப்பி போடப் போனேன். கருப்பட்டியைத் தட்டும்போது கை நடுங்கியது.

10.4.2024, புதன்

கீரை பிடுங்கும் பதம். முதல் கட்டு வாய்க்கால் ஓரத்து வீட்டுக்கு என்று அத்தை பிரித்து வைத்துவிட்டார். புள்ளி அவரை பந்தலில் ஏறுகிறது. போத்துகளில் இரண்டு துளிர்த்திருக்கின்றன, ஒன்று காய்ந்துவிட்டது. நாசரேத் சந்தையில் விசாரித்தேன், வெள்ளைக் கத்தரி விதை யாரிடமும் இல்லை. மகன் மே மாதம் வருகிறானாம், நேரில் பேசலாம் என்கிறான். ஆட்டுக்காரர் சித்திரையில் கிடை போடுகிறேன் என்றார். கூலியாக அரிசி கேட்கிறார். எவ்வளவு என்று இன்னும் பேசி முடிக்கவில்லை.