மூன்று பல் குறைந்தது, மேடு வசப்பட்டது!

வேகமாக ஓடுபவரே வலிமையுள்ளவர் என்று பலரும் எண்ணுகிறார்கள். மலையில் வாழ்பவர்கள் அவ்வாறு எண்ணுவதில்லை. முதுகில் தேயிலை மூட்டையைச் சுமந்து மேடேறும் தாய்மார்கள் ஓடுவதில்லை. சிறு சிறு அடியாக எடுத்து வைத்தே உச்சியை அடைகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து எங்கள் குன்னூருக்கு வரும் மலை ரயிலும் அப்படித்தான். கல்லாற்றைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பல்சட்டத்தைப் பற்றிக்கொண்டு அது மெல்ல மெல்ல ஏறுகிறது. 1899-ஆம் ஆண்டு குன்னூர் வரை ஓடத் தொடங்கிய அந்த ரயில்தான் இந்தியாவில் பல்சட்டத்தின் துணைகொண்டு ஓடும் ஒரே ரயில். பல்லுக்கும் மேட்டுக்கும் உள்ள உறவை அது நாள்தோறும் எங்களுக்குக் கற்பித்துக்கொண்டே இருந்தது. ஆனால் அந்தப் பாடத்தை அக்காள் தங்கையான நாங்கள் இருவரும் உண்மையாகக் கற்றது ஒரு பழைய மோட்டார் சைக்கிளிடம்தான்!

அதன் பெயர் பி.எஸ்.ஏ. பேன்டம். பேன்டம் என்றால் சிறிய கோழி இனம். பெயருக்கு ஏற்ப வண்டியும் சிறியதே. 123 சி.சி. கொள்ளளவுள்ள ஒரே ஒரு சிலிண்டர், ஏறத்தாழ நாலரைக் குதிரைத்திறன், மூன்றே மூன்று கியர்கள். இங்கிலாந்தில் 1948-ஆம் ஆண்டு வெளிவந்த இவ்வகை வண்டிகள் 1971 வரை செய்யப்பட்டன. அந்நாட்டில் தந்தி கொண்டு சென்ற இளைஞர்களின் வாகனமாகவும் இது இருந்தது. இதன் மூல வடிவம் ஜெர்மனியின் டி.கே.டபிள்யூ. ஆர்.டி.125 என்னும் வண்டியாகும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்த வடிவத்தைப் பல நாட்டினர் எடுத்துக்கொண்டனர். 1955-இல் யமஹா நிறுவனம் செய்த முதல் மோட்டார் சைக்கிளும் அதைப் பின்பற்றியதே. இவ்வளவு பெரிய குடும்பத்தில் பிறந்த சிறு வண்டி இது!

எங்கள் வீட்டுக்கு வந்த பேன்டம் 1952-இல் செய்யப்பட்டது. தாத்தாவின் அண்ணன் அதைப் பழைய வண்டியாக வாங்கிக் கோயம்புத்தூரில் பல ஆண்டுகள் ஓட்டினார். சென்ற ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தபோது வண்டி தாத்தாவிடம் வந்தது. "அண்ணன் கைபட்ட வண்டி" என்று தாத்தா தினமும் அதைத் துடைத்து வைப்பார்.

பாட்டிக்கு மூட்டுவலி. எங்கள் கோயிலோ மேட்டின் உச்சியில் இருக்கிறது. எட்டடி தூரம் நடந்தால் ஓரடி உயரும் செங்குத்துச் சாலை அது. பாட்டியைப் பின்னால் அமர்த்தி ஞாயிறு திருப்பலிக்கு அழைத்துச் செல்லலாம் என்று தாத்தா ஆசைப்பட்டார். ஆனால் பாதி மேட்டிலேயே முதல் கியரில் வண்டி திணறி நின்றுவிடும். பாட்டி இறங்கி நிற்பார். தாத்தா தள்ளிக்கொண்டு வருவார். இதைக் கண்ட சித்தப்பா, "மேடு ஏறாத வண்டி மலையில் எதற்கு? நல்ல விலைக்குக் கேட்கிறார்கள், கொடுத்துவிடலாம் அப்பா" என்றார். தாத்தா பதில் பேசவில்லை. அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

தாத்தா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் கார்புரேட்டரைச் சீர்செய்தார். பிரேக் உரசுகிறதா என்று பார்த்தார். குறை எதுவும் இல்லை. "இன்ஜினைத் திருத்திச் சக்தியைக் கூட்டலாம், ஆனால் செலவு அதிகம்" என்றார் பட்டறைக்காரர். அப்போது தாத்தா எங்களை அழைத்து, "கணக்குப் பாடத்தில் விகிதம் படித்திருக்கிறீர்களே, இதைப் பாருங்கள்" என்று ஒரு வேலை கொடுத்தார்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வண்டியை மூன்றாம் கியரில் போட்டு, பின் டயரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தோம். இன்ஜினின் சுழல் சக்கரத்திலும் ஒரு கோடு. பின் சக்கரத்தைக் கையால் ஒரே ஒரு சுற்றுச் சுற்றினோம். இன்ஜின் ஆறு முறையும் சற்றுக் கூடுதலாகவும் சுற்றியது. இவ்வண்டிக்கு அது ஏழு முறை சுற்ற வேண்டும் என்றார் தாத்தா. முக்கால் சுற்றுக்கு மேல் எங்கே குறைந்தது? உறையைக் கழற்றிப் பற்களை எண்ணினோம். பின் சக்கரத்தின் ஸ்பிராக்கெட்டில் 47 பற்கள், அது சரியே. கியர் பெட்டியின் ஸ்பிராக்கெட்டில் 15 இருக்க வேண்டிய இடத்தில் 17 இருந்தன! சமவெளிச் சாலையில் இன்ஜின் அலட்டிக்கொள்ளாமல் ஓடட்டும் என்று யாரோ மாற்றியிருக்கிறார்கள். சமவெளிக்கு அது பொருத்தமே. மலைக்குத்தான் பொருந்தவில்லை.

இன்னொரு காரணமும் இருந்தது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. இங்கே காற்றின் அடர்த்தி குறைவு. இன்ஜின் ஒவ்வொரு முறையும் இழுக்கும் காற்றில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. சக்தியும் அதே அளவு குறைகிறது. நாலரைக் குதிரைகளில் முக்கால் குதிரை மலையடிவாரத்திலேயே நின்றுவிடுகிறது என்று தங்கை சொல்லிச் சிரித்தாள்.

எனவே கணக்குப் போட்டோம். கியர் பெட்டியில் 17 பற்கள் இருந்தால், முதல் கியரில் பின் சக்கரம் ஒருமுறை சுற்ற இன்ஜின் பத்தொன்பதரை முறை சுற்றும். 15 பற்கள் என்றால் 22 முறை. 14 பற்கள் என்றால் 23.7 முறை. சுற்றுகள் கூடக்கூடச் சக்கரத்தின் இழுவிசையும் அதே விகிதத்தில் கூடும். பதினேழைப் பதினான்கால் வகுத்தால் 1.21, அதாவது நூற்றுக்கு இருபத்தொரு பங்கு கூடுதல் இழுவை. மலைக்காற்று பறித்துக்கொண்டது அனைத்தும் இதனால் திரும்பக் கிடைத்துவிடும்!

இலவசமாக எதுவும் கிடைப்பதில்லை என்பதையும் கணக்கு காட்டியது. இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 முறை சுற்றும்போது, மூன்றாம் கியரில் 17 பற்களோடு மணிக்கு 76 கிலோமீட்டர் போகலாம். 14 பற்களோடு 63 தான். சிறிய ஸ்பிராக்கெட்டில் செயின் கூடுதலாக வளைவதால் இரண்டும் விரைவில் தேயும். "இந்த வளைவுச் சாலைகளில் நாற்பதுக்கு மேல் யார் போகப் போகிறார்கள்? பதினான்கே போடுவோம்" என்று தாத்தா முடிவு செய்தார். சித்தப்பா மட்டும், "மூன்று பல்லில் என்ன ஆகிவிடும்?" என்றார். விற்கும் பேச்சு ஒரு மாதம் தள்ளிவைக்கப்பட்டது.

கோயம்புத்தூரில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் கடையில் 14 பல் ஸ்பிராக்கெட் கிடைத்தது. தேய்ந்த செயின் புதிய பற்களைக் கெடுத்துவிடும் என்பதால் புதுச் செயினும் வாங்கினோம். எங்கள் வயதுக்கு வண்டி ஓட்ட அனுமதி இல்லை; ஆனால் ஸ்பானர் பிடிக்கத் தடை ஏது? பெண் பிள்ளைகளுக்குக் கிரீஸ் எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டு மாமிக்கு, "புனித வளனாரின் பட்டறையில் அன்னை மரியாள் உளி எடுத்துக் கொடுக்காமலா இருந்திருப்பார்?" என்று பாட்டியே பதில் சொன்னார். முன் ஸ்பிராக்கெட் சிறுத்ததால் பின் சக்கரத்தை ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர் பின்னுக்குத் தள்ளிச் செயினின் தளர்ச்சியைச் சரிசெய்தோம். சக்கரம் கோணாமல் இருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்த்தது எங்கள் பொறுப்பு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாத்தாவும் பாட்டியும் தலைக்கவசம் அணிந்து புறப்பட்டார்கள். நாங்களும் சித்தப்பாவும் நடந்தே பின்தொடர்ந்தோம். வழக்கமாகத் திணறும் வளைவில் வண்டியின் ஒலி சற்றுக் கனத்தது, ஆனால் அடங்கவில்லை. பாட்டி இறங்கவில்லை. நாங்கள் மூச்சு வாங்கக் கோயில் வாசலை அடைந்தபோது, பாட்டி உள்ளே முதல் வரிசையில் அமர்ந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டியின் அருகே குனிந்து அந்தப் பற்களை எண்ணிப் பார்த்தார். வண்டியை விற்கும் பேச்சு அதன்பின் எங்கள் வீட்டில் எழவே இல்லை.

அன்புத் தோழியரே! அந்த வண்டிக்கு நாங்கள் புதிய சக்தி எதையும் கொடுத்துவிடவில்லை. இருந்த சக்தியை ஏறவேண்டிய மேட்டுக்கு ஏற்றபடி பங்கிட்டோம், அவ்வளவே. தாலந்து உவமையில் தலைவர் எல்லாருக்கும் ஒரே அளவு கொடுக்கவில்லை. கொடுத்ததை எப்படிப் பயன்படுத்தினாய் என்றுதான் கேட்டார். அரசுப் பொதுத்தேர்வு என்னும் மேட்டின் அடியில் நிற்கும் எங்களில் சிலருக்கு ஒருமுறை படித்தாலே மனத்தில் பதியும். மற்றவர்களுக்கு ஒரு பக்கத்தைக் கடக்க இருபத்து மூன்று முறையாவது சுற்ற வேண்டியிருக்கும். சுற்றுவோம்! வேகம் சற்றுக் குறைந்தாலும், நடுவழியில் இறங்கித் தள்ள வேண்டியிராது.

— பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி