1.44 எம்பி வைத்தியம்

பிளொப்பி டிஸ்க்கை 'சேவ்' பட்டன் படமாக மட்டுமே தெரிந்தவர்கள் உங்களில் நிறையப்பேர் இருப்பீர்கள். மஹய்யாவையில் எங்களுக்கு அது வைத்தியப் பெட்டி.

கண்டி மாநகர சபையின் சுத்திகரிப்புத் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் எங்களுடையது. 2000ஆம் ஆண்டுவாக்கில் எங்கள் வரிசைக்கே ஒரு கொம்பியூட்டர்தான். அதுவும் எங்கேயோ கழித்துவிட்ட பழைய பென்டியம். மரண உதவிச் சங்கத்தின் சந்தாக் கணக்கு, ஏ.எல். எழுதும் அக்காமாரின் நோட்ஸ், வேலை விண்ணப்பங்கள் எல்லாம் அதற்குள்ளே.

2001, 2002 காலத்தில் நாடு முழுக்க மின்வெட்டு. விண்டோஸ் 98 ஓடிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போகும். திரும்பி வந்தால் மெஷின் கறுப்புத் திரையோடு நிற்கும். டவுன் கடையில் ஒரே பதில்தான்: "ஃபோர்மட் பண்ணணும் தம்பி." கடைக்காரருக்கு அது அரைநாள் வேலை. எங்களுக்கோ, யார் எவ்வளவு கட்டினார்கள் என்ற சாட்சியமே போய்விடும். சாவு வீட்டில் போய் "கணக்கு அழிஞ்சு போச்சு" என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

அப்போதுதான் ஒரு விஷயம் பிடிபட்டது. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க்கில் ஃபைல்கள் பத்திரமாகவே இருக்கும். மெஷின் தொடங்கும் வழி மட்டும் கெட்டிருக்கும். வாசல் அடைபட்டால் வீட்டையே இடிப்பார்களா? வேறு வாசலால் உள்ளே போனால் சரி. அந்த வேறு வாசல்தான் ஸ்டார்ட்டப் டிஸ்க்.

செய்வது சுகம். கன்ட்ரோல் பனலில் 'ஆட்/ரிமூவ் புரோகிராம்ஸ்' போய், 'ஸ்டார்ட்டப் டிஸ்க்' பகுதியில் பட்டனை அழுத்தி ஒரு பிளொப்பியைப் போட்டால் போதும். 1.44 எம்பிக்குள் டொஸ்ஸும் சிடி டிரைவரும் வந்துவிடும். ஸ்கேன்டிஸ்க், ஃபோர்மட், சிஸ் போன்றவை சுருக்கிக் கட்டிய ஒரே ஃபைலாக இருக்கும். பூட் ஆகும்போது மெமரியிலேயே ஒரு பொய் டிரைவை உண்டாக்கி அதற்குள் அவை விரியும்.

சங்கக் கணக்கை அப்படித்தான் மீட்டோம். முதலில் ஃபைலை இன்னொரு பிளொப்பிக்குக் கொப்பி எடுத்தோம். பிறகுதான் ஸ்கேன்டிஸ்க், அதன்பின் 'சிஸ் சி'. இந்த வரிசையை மாற்றவே கூடாது: முதலில் உயிர், பிறகு வைத்தியம். அதற்குப் பிறகு சங்கச் செயலாளர் மாமா மெஷினை முழுசாக நம்பவில்லை. மாதாமாதம் பிளொப்பியிலும் ஏற்றினார், சி.ஆர். கொப்பியிலும் எழுதினார். அவர் செய்ததுதான் சரி.

லினக்ஸ் பக்கம் போனபோது டொம்ஸ்ஆர்டிபிடி என்றொரு அதிசயம் கிடைத்தது. வழக்கமான பிளொப்பியில் 80 தடம், தடத்துக்கு 18 துண்டு. இதுவோ 82 தடம், 21 துண்டு என்று நெருக்கி, அதே தட்டில் 1722 கேபி பிடித்துக்கொள்ளும். ஒற்றைப் பிளொப்பியில் ஒரு முழு மீட்பு லினக்ஸ்! இட நெருக்கடியில் குடும்பம் நடத்துவது எங்களுக்குப் புதிதில்லை என்பதால் அதை ரொம்பப் பிடித்துப்போனது.

எங்களுக்குள் மூன்று விதிகள் இருந்தன. மெஷின் சுகமாக இருக்கும்போதே டிஸ்க் செய்யணும். ஒன்றல்ல, இரண்டு செய்து பூட் பண்ணிப் பார்க்கணும். மூலையிலுள்ள சின்னக் கதவைத் தள்ளித் துளையைத் திறந்து வைக்கணும். அப்போதுதான் வைரஸ் பிடித்த மெஷினில் போட்டாலும் அதில் எதுவும் எழுதப்படாது.

1971இல் ஐபிஎம் முதல் பிளொப்பியை வெளியிட்டதே பெரிய கணினிகளுக்குத் தொடக்க நிரலை ஏற்றத்தான். ஆக, மெஷினை எழுப்புவதுதான் அதன் பிறவி வேலை. இன்று பிளொப்பி இல்லை, லைவ் யுஎஸ்பி இருக்கிறது. முறை அதேதான். மச்சான், உன் லெப்டொப் இப்போது நன்றாக ஓடுகிறதா? அப்படியென்றால் செய்துவைக்க இதுதான் நேரம்.