புங்குடுதீவிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு

புங்குடுதீவாருக்குக் கொழும்பு ஒருகாலமும் தூரதேசமாக இருந்ததில்லை. கொட்டாஞ்சேனையிலும் ஆமர் வீதியிலும் சாப்பாட்டுக் கடை, பலசரக்குக் கடை, சுருட்டுக் கடை வைத்தவர்கள் ஊரிலிருந்து பொடியன்களைக் கூட்டிப்போய்க் கடையில் நிறுத்துவார்கள். அந்தப் பொடியன் முப்பது வயதில் தனக்கென்று ஒரு கடை போடுவான். என் பெரியப்பா அப்படிப் போனவர்தான். கோயில் திருவிழாவுக்கு மட்டும் ஊருக்கு வருவார். இரவு மெயிலில் ஏறிப் படுத்தால் விடிய யாழ்ப்பாணம். 1956இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியபிறகு பகலிலும் வரலாம். இரண்டிலும் அவருக்கு வழி என்று ஒன்று இருந்ததே இல்லை. மருதானையும் யாழ்ப்பாணமும்தான் இருந்தன.

எங்கள் தலைமுறைக்கு அதுவும் போனது. 1990 ஜூனில் றெயில் நின்றது. அடுத்த வருசம் தீவே காலியானது. பிறகு கிளாலிக் கடலில் இருட்டோடு இருட்டாக வள்ளம், அதற்குப் பிறகு திருகோணமலைக்குக் கப்பல், காசு உள்ளவர்களுக்குப் பலாலியிலிருந்து இரத்மலானைக்கு விமானம். இடையில் கிடந்த நாட்டை யாரும் பார்க்கவில்லை.

2002 பெப்ரவரியில் யுத்தநிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறப்பு. அடுத்த வருசச் சோளகத்தில் நானும் மச்சானும் எம்டி 90 மோட்டார் சைக்கிளில் கொழும்புக்கு வெளிக்கிட்டோம். “விசரே உங்களுக்கு? பஸ் ஓடுது, வான் ஓடுது” என்றார் பெரியம்மா. பொருளாதாரத் தடைக் காலத்தில் இரண்டு சொட்டுப் பெற்றோலைக் காட்டி இயக்கிவிட்டு மிச்ச வழியெல்லாம் மண்ணெண்ணெயில் ஓட்டிய வண்டி அது. கராஜ்காரர் கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவித் தந்தபோதும் புகையில் பழைய வாடை போகவில்லை.

வாணர் பாலத்தில் சோளகம் பக்கவாட்டில் பிடித்துத் தள்ளியது. வேலணை, மண்கும்பான், அல்லைப்பிட்டி, பண்ணை. தீவைவிட்டு யாழ்ப்பாணம் போய்ச்சேரவே கடலுக்கு நடுவே இரண்டு தாம்போதி கடக்கவேண்டும். பண்ணையில் சோதனை முடித்து, சாவகச்சேரி, கொடிகாமம் தாண்டினால் முகமாலை. ஆமிக்காரருக்கு ஒருதரம் இறங்கி அடையாள அட்டை, பை, சீற்றுக்குக் கீழே எல்லாம் காட்டவேண்டும். நடுவில் செஞ்சிலுவைக்காரர் நிற்கும் சூனியப் பிரதேசம். அந்தப் பக்கம் இயக்கத்துக்கு இன்னொருதரம் அதே காட்சி, தமிழில். தலையில்லாத பனைகள் வரிசையாக நின்றன. தார் றோட்டை விட்டு இறங்காதே என்று மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் இரு கரையிலும். மோட்டார் சைக்கிள்காரனுக்கு அது பெரிய சங்கடம். எதிரே லொறி வந்தால் ஒதுங்க இடமில்லை.

ஆனையிறவு வெட்டையில் வெயிலுக்கு மறைவே கிடையாது. முறிகண்டியில் எல்லோரையும்போல இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டோம். ஓமந்தை வாசலைப் பொழுதுபட முன்னர் பிடிக்கவேண்டுமென்று மாங்குளம், புளியங்குளம் இரண்டையும் சரியாகப் பார்க்காமலே போய்விட்டோம். இரவு வவுனியா.

அநுராதபுரத்திலிருந்து கொழும்புக்குக் குருநாகல் வழியும் உண்டு. மச்சான் புத்தளம் வழி என்று பிடிவாதமாக நின்றான். நொச்சியாகமத்தில் சங்கிலி கழன்று ஒரு மணித்தியாலம் போனபோது அவனைத் திட்டினேன். புத்தளத்தில் வாயை மூடிக்கொண்டேன்.

உப்பளங்களுக்குக் கிட்ட ஒரு தேநீர்க் கடை. நாங்கள் இரண்டு பிளேன்ரீ கேட்ட மாதிரியிலேயே கடைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். “யாழ்ப்பாணமோ? எவடம்?” அச்சொட்டான எங்கள் பேச்சு. அவர் சோனகத் தெரு. 1990 அக்டோபரில், வடக்கிலுள்ள முஸ்லிம்கள் முழுப்பேரையும் புலிகள் வெளியேற்றியபோது, யாழ்ப்பாண நகரத்தவர்களுக்குக் கொடுத்த அவகாசம் சில மணித்தியாலம்தான். நகை நட்டு, காணி உறுதி எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து பதின்மூன்று வருசம், ஓலைக் கொட்டில் முகாமில் தொடங்கிய வாழ்க்கை. அவர் அதைச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. “ஐந்து சந்தியில கடையளுக்குக் கூரை கிடக்கோ?” என்றுதான் கேட்டார். சில இடங்களில் சுவரே இல்லை என்றான் மச்சான். காசை எடுத்து, மிச்சத்தை எண்ணித் தந்தார். எங்கள் ஊர் வெறிச்சோடியதைப் பற்றி ஆளுக்காள் கதை எழுதியிருக்கிறோம். அவர்கள் வெளியேறியதைப் பற்றி எங்களில் எழுதியவர்கள் குறைவு.

சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை. களனிப் பாலம் தாண்டினால் துறைமுகக் காற்று மூக்கில் அடிக்கும், கொட்டாஞ்சேனை வந்துவிட்டது. சாந்த லூசியா பேராலயத்தின் குவிமாடம் ஒரு பக்கம். சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் கட்டுவித்த பொன்னம்பலவாணேஸ்வரர் கோயில் இன்னொரு பக்கம். கொச்சிக்கடை அந்தோனியாருக்கு எந்தச் சமயத்தவரும் மெழுகுதிரி கொளுத்துவார்கள். ஜம்பட்டா வீதியில் தமிழும் சிங்களமும் ஒரே வசனத்தில் வரும். கடை வாசலில் நின்ற பெரியப்பா எங்களைப் பார்க்கமுன் வண்டியைப் பார்த்தார்.

“உந்தச் செம்மண்ணைக் கழுவாமல் வெள்ளவத்தைக்குப் போகாதேங்கோ. பொலிஸ் மறிக்கும்.”

கழுவிக்கொண்டுதான் போனோம். செட்டியார் தெருவில் தொடங்கி, காலிமுகத்திடலால், பம்பலப்பிட்டிக்கு. ஆடிவேல் தேர் போகும் பாதை அது. வெள்ளவத்தையைக் குட்டி யாழ்ப்பாணம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. யாழ்ப்பாணத்தில் ஆட்கள் இருந்தார்கள், வெள்ளவத்தையில் காத்திருந்தார்கள்: விசாவுக்கு, ஸ்பொன்சருக்கு, கனடாவிலிருந்து வரும் தொலைபேசிக்கு. ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு தொடர்மாடி எழும்பிக்கொண்டிருந்தது. ஆனாலும் 1942இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தின் நூலகம் 57ஆவது ஒழுங்கையில் இருந்தது. ரொக்ஸியில் படம் ஓடியது. றெயில் தண்டவாளத்துக்கு அப்பால் கடல் இருந்தது. மாலையில் அந்தக் கல்லுகளில் குந்தியிருந்தால் பாதிப்பேர் தீவுப்பகுதி ஆட்கள். “எதில வந்தனீங்கள்?” என்பார்கள். “மோட்டார் சைக்கிள்” என்றால் ஒருவரும் நம்பவில்லை.

உழைப்புக்குக் கொட்டாஞ்சேனை, இருப்புக்கு வெள்ளவத்தை என்று சொல்பவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் கொட்டாஞ்சேனைதான். பெரியப்பா போன்றவர்கள் 1983இல் கடை எரிந்தும் திரும்பி வந்து அதே இடத்தில் பலகை அடித்த ஊர் அது.

2006 ஆகஸ்ட் 11இல் முகமாலையில் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. அடுத்த ஜூனில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் சில நூறு பேரைப் பொலிசார் விடியப்புறம் பஸ்களில் ஏற்றி வடக்குக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது.

இப்போது றோட்டுக் காப்பெற் போட்டுக் கிடக்கிறது. இளந்தாரிகள் பெரிய பெரிய மோட்டார் சைக்கிள்களில் குருநாகலால் ஒரே பகலில் போய்விடுகிறார்கள். அவசரமில்லாதவர்கள் புத்தளத்தால் போய்ப் பாருங்கள். 1990இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போனவர்களில் பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள்.