வேலியோரத்துப் புலுனிகள்

காலை ஆறு மணிக்கே எங்கள் வீட்டுக் கோடியில் ஒரு கூட்டம் ஆரம்பமாகிவிடும். தலைவரும் இல்லை, நிகழ்ச்சி நிரலும் இல்லை. எல்லோரும் ஒரே நேரத்தில் கதைப்பார்கள். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் இருந்து பழகிய எனக்கு அந்தச் சத்தம் மிகவும் பிடிக்கும். அவை புலுனிகள்.

எங்கள் வீடு வலிகாமத்தில், செம்மண் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு கிராமத்தில் இருக்கிறது. பின்வளவின் எல்லை ஒரு பழைய உயிர்வேலி. கிளுவை, பூவரசு, சீமைக்கிளுவை, இடையிடையே ஆடாதோடை. 1995 இல் இடம்பெயர்ந்தபோது எனக்கு ஆறு வயது. 1996 இல் திரும்பி வந்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வேலிக் கதியால்கள் மட்டும் மரமாகத் தழைத்து நின்றன. ஆளில்லாத வளவில் புலுனிகளின் சத்தம் கேட்டுத்தான் தனக்கு மனம் ஆறியது என்று அம்மா இன்றும் சொல்வார்.

புலுனி பெரிய அழகான பறவை அல்ல. சாம்பல் கலந்த மண்ணிறம், மஞ்சள் அலகு, வெளிறிய கண். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் இதனைத் தமிழ்நாட்டில் தவிட்டுக்குருவி என்பார்கள். நெடுந்தூரம் பறப்பதில்லை, நிலத்தில் தத்தித் தத்திச் சருகுகளைப் புரட்டிப் பூச்சி தேடும். ஒன்று கதியால் நுனியில் காவல் இருக்க, மற்றவை கீழே மேயும். பூனையின் தலை தெரிந்தால் காவல்காரர் குரல் கொடுப்பார். அடுத்த கணம் எல்லாம் வேலிக்குள்.

சென்ற வருடம் பூவரசங் கவட்டில் கூடு கட்டின. கிணற்றுக்கட்டில் ஏறிப் பார்த்தேன், நீலநிற முட்டைகள் மூன்று. குஞ்சு பொரித்த பின்னர் ஒரே நேரத்தில் நான்கு பறவைகள் புழுக்களுடன் கூட்டருகே காத்திருந்ததைக் கண்டு வியந்தேன். தாய் தகப்பன் மட்டுமல்ல, கூட்டத்தில் உள்ள ஏனையவையும் குஞ்சுக்கு இரை ஊட்டும் என்று பின்னர் வாசித்து அறிந்தேன். இவற்றுக்குள் சண்டையே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். பக்கத்து வளவுக் கூட்டம் எல்லை தாண்டினால் பெரிய அமளிதான்.

அந்த நாட்களில் ஒரு மாலை, களப்பணி முடித்து மிகவும் சோர்ந்து வந்தேன். நுண்கடனில் சிக்கிய ஓர் இளம் தாய், மூன்று பிள்ளைகள். “என்ரை கதையைக் கேக்க ஆக்கள் வருகினம் அக்கா. நான் வேலைக்குப் போனால் பிள்ளையளைப் பாக்கத்தான் ஒருத்தரும் இல்லை” என்றாள். சமூகவியலில் பட்டம் பெற்ற என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. கிணற்றடியில் இருந்து கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதே மாதம் கனடாவிலிருந்து தம்பி காசு அனுப்பினான். வேலியை வெட்டிச் சுற்றிவர மதில் கட்டச் சொன்னான். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அம்மாவும் நானும் தனியே இருக்கிறோம். வருடா வருடம் வேலி அடைக்கக் கூலிக்கு ஆள் பிடிப்பதும் இலேசல்ல. எங்கள் ஒழுங்கையில் உயிர்வேலி உள்ள வளவுகள் இப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவை.

ஆனால் அந்த வேலியில்தான் பின்வீட்டு அக்கா தன் ஆடுகளுக்குக் குழை வெட்டுகிறார். கணவரை இழந்த அவருக்கு அந்த ஆடுகள்தான் வருமானம். வேலியில் ஒரு பொட்டும் உண்டு. அம்மாவுக்குக் காய்ச்சல் வந்த இரவில் கஞ்சியோடு அவர் அதனூடாகத்தான் வந்தார்.

அம்மா தொலைபேசியில் தம்பியிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: “மதிலுக்குப் பொட்டு வைக்கேலுமோ தம்பி?”

தெருப்பக்கம் மதில் எழுந்தது. பின்வேலி அப்படியே நிற்கிறது.

அடுத்த சங்கக் கூட்டத்தில் நான் புலுனிக் கூட்டைப் பற்றிச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பின்னர், முறை வைத்து ஒருவர் பிள்ளைகளை மற்றவர் பார்ப்பதென்று நான்கு பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். இரண்டு கிழமையில் ஒருவர் விலகிவிட்டார். மூவர் இன்றும் தொடர்கிறார்கள். அந்த இளம் தாய் அவர்களில் ஒருத்தி. கடன் இன்னும் தீரவில்லை. ஆனால் வேலைக்குப் போகிறாள்.

முற்றம் கூட்டும்போது வேலியடிச் சருகை மட்டும் விட்டுவிடும்படி அம்மாவிடம் கேட்டிருந்தேன். “வளவைக் குப்பையாக்கிறாய் பிள்ளை” என்று முதலில் ஏசினார். இப்போது விடியற்காலையில் தேநீரோடு குசினி வாசலில் நின்று, “இண்டைக்கு அவையள் இன்னும் வரேல்லையோ?” என்று என்னை எழுப்புவதே அவர்தான். பத்து நிமிடம் இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டு நிற்போம். பிறகு அவர் விளக்குமாற்றை எடுப்பார், நான் சைக்கிளை எடுப்பேன்.